அழாத பேரன்

என் அக்கா புருஷனுக்குத் தெருவில் ‘நாளைக்கு டெய்லர்’ என்று பெயர். எதைத் தைக்கக் கொடுத்தாலும் அவர் வாயிலிருந்து வரும் ஒரே வார்த்தை அதுதான். இயந்திரங்கள் வந்து பிழைப்பைப் பறித்துக்கொண்டன என்று ஊரெல்லாம் புலம்பினார். பறிக்க இவரிடம் வேலை என்று ஒன்று இருந்தால்தானே!

பிறகு ஊரில் ஒரு கனவுக் கூடத்தைத் திறந்தார்கள். விருப்பப்பட்டவர்கள் போய்ப் படுத்துக்கொள்ளலாம். தலையில் ஒரு பட்டையை மாட்டிவிட்டால் உள்ளே குறையே இல்லாத ஓர் உலகம். வெளியே எல்லாவற்றையும் இயந்திரங்கள் பார்த்துக்கொள்ளும். மனிதனும் இயந்திரமும் சண்டை சச்சரவில்லாமல் வாழும் காலம் வந்துவிட்டது என்று ஆளாளுக்குப் பெருமை பேசினார்கள். ஒரு கூட்டம் படுத்துக்கொண்டது, இன்னொரு கூட்டம் வேலை செய்கிறது. சண்டை எங்கிருந்து வரும்? அத்தான் முதல் ஆளாகப் போய்ப் படுத்தார். வாழ்க்கையில் அவர் முந்திக்கொண்டு செய்த காரியம் அது ஒன்றுதான்.

அங்கே ஒரு விதி உண்டு. யாரையும் கட்டாயப்படுத்தி வைத்திருக்கவில்லை என்று தெரிய வேண்டுமாம். அதனால் மாதம் ஒருமுறை எழுப்புவார்கள். படுத்திருப்பவர், ‘திரும்பவும் உள்ளே போகிறேன்’ என்று தன் வாயால் சொல்ல வேண்டும். வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று “சரி” என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பட்டையை மாட்ட மாட்டார்கள். மாதாமாதம் அக்கா போய், அவருக்கு நகம் வெட்டி, முகம் துடைத்து, “சரி” சொல்லிவிட்டு வருவாள். அவள் அந்த மனிதர் மேல் வைத்திருந்த பாசத்தை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் அவர்கள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்பா ஒரு தடவை வந்து தூக்க வேண்டும், அவர் கையால் ஒரு சின்னச் சட்டை தைத்துத் தர வேண்டும். மகள் கேட்டது அவ்வளவுதான். அக்கா மெல்லிய வெள்ளைத் துணி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். எப்படியும் அழைத்து வந்துவிடலாம் என்று நம்பினாள். துணைக்கு நானும் போனேன்.

அத்தான் எழுந்து உட்கார்ந்தார்.

“பேத்தி பொறந்திருக்கா. ஒருநாள் வீட்டுக்கு வந்துட்டுப் போங்க” என்றாள் அக்கா.

“பேத்தியா? எனக்குத்தான் பேரன் இருக்கானே. நடக்கவே ஆரம்பிச்சுட்டான். அழவே மாட்டான், தெரியுமா?”

“அது உள்ள. இது நம்ம பொண்ணு பெத்தது. நீங்க ஒரு சட்டை தைச்சுத் தரணும்னு ஆசைப்படுறா.”

“உள்ள அவளுக்கு வேண்டியதெல்லாம் தைச்சுக் குடுத்தாச்சு. அங்க ஊருக்கே நான்தான் டெய்லர். சொன்ன நாளுக்கு முன்னாடியே குடுத்துடுவேன்.”

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “கனவுலகூட நீங்க ஒரு பட்டனுக்குக் காஜா ஒழுங்கா எடுத்திருக்க மாட்டீங்க அத்தான்” என்றேன்.

பட்டையோடு நின்றிருந்த இயந்திரம் தணிந்த குரலில், “போய்ட்டு வாங்க சார். உங்க இடம் அப்படியே இருக்கும்” என்றது. பெற்றவருக்கு இல்லாத கரிசனம் அந்தத் தகரத்துக்கு இருந்தது.

அவர் அக்காவைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். “உள்ள நீ இப்படித் தொணதொணக்க மாட்ட. நான் போறேன், சீக்கிரம் சரின்னு சொல்லு. பேரன் தேடுவான்.”

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். “சொல்லாதக்கா. நீ சொல்லலன்னா வீட்டுக்கு வந்துதானே ஆகணும்!”

அக்கா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள், சந்தையில் அழுகின காயைப் பார்ப்பதுபோல. அவள் அவரை அப்படிப் பார்த்து நான் கண்டதே இல்லை. பிறகு இயந்திரத்தின் பக்கம் திரும்பினாள்.

“சரி, மாட்டிவிடுங்க. அந்தப் பேரனையாவது ஏமாத்தாம இருக்கட்டும்.”