இராஜரட்ணத்தாரின் இடக்கை

சாவியைத் திருப்புவதற்கு முன் இராஜரட்ணத்தாரின் இடக்கை மேலே போய்விடும். உள்ளங்கையை விரித்து, சந்தியில் பொலிஸ்காரர் வாகனத்தை மறிப்பதுபோலப் பிடிப்பார். அதற்குப் பிறகு காருக்குள் மூச்சுக்கூடப் பலமாக விடக்கூடாது. வானொலி, விளக்கு, ஹீற்றர் எல்லாவற்றையும் முன்கூட்டியே அணைத்திருப்பார். "ஒருத்தரும் கதையாதேங்கோ," என்பார். உள்ளே இருப்பது மனைவி மங்கையற்கரசி மட்டுந்தான். சாவி திரும்பும். இயந்திரம் கர்... கர்... என்று இழுக்கும். அவர் தலையைச் சரித்துக் காதைக் கொடுத்துக் கேட்பார். அது பிடித்து, தடுமாறி, பிறகு ஒரே சீராக இரையத் தொடங்கினால்தான் அந்தக் கை மெல்லக் கீழே இறங்கும். கோடையில் சட்டென்று இறங்கிவிடும். தை மாதத்தில் தோள் உளையும் வரைக்கும் மேலேயே நிற்கும்.

புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில், வெக்ஸ்போர்ட் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கிறார். பாண் சுடும் தொழிற்சாலையில் காலத்தைக் கழித்து ஓய்வுபெற்ற மனிதர். காரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது சொற்பம். அந்தப் பழைய கொரோல்லாவின் பொனற்றைத் திறந்தால் பற்றரி எது என்று காட்டுவார், மற்றதெல்லாம் அவருக்கு இரும்பும் குழாயும்தான்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மங்கையற்கரசிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. ஒன்றுவிட்ட ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், இயந்திரத்தில் கையைக் கொடுத்துப் படுத்து இரத்தத்தைச் சுத்தப்படுத்தியாக வேண்டும். போன பனிக்காலத்தில் ஒரு காலை கார் அசைய மறுத்துவிட்டது. ஊரே அன்றைக்கு வாடகைக் காருக்கு அடிபட்டதால் அதுவும் வந்து சேரவில்லை. மறுநாள் விடிவதற்குள் மங்கையற்கரசிக்கு முகம் வீங்கி, மூச்சு முட்டி, அம்புலன்சில் தூக்கிக்கொண்டு போகும்படி ஆயிற்று. நல்ல காலம், தப்பிவிட்டார். மனுசன்தான் இன்னும் அதிலிருந்து எழும்பவில்லை.

அவர்களின் கட்டடத்தில் காரை வெளியில்தான் விடவேண்டும். இயந்திரம் விறைக்காமல் இரவில் சூடாக்கி மாட்டி வைக்க ஒரு மின்னிணைப்புகூட அங்கே கிடையாது. ஆகவே கடுங்குளிர் என்று செய்தியில் சொன்னால் போதும், பின்னேரமே இறங்கிப் போய், குளிரில் செத்துவிடாமல் இருக்கப் பற்றரியைக் கழற்றிவிடுவார். அரிசிப் பையில் அதை இறக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு லிஃப்ற்றில் வருவார். கட்டடத்தைப் பராமரிக்கும் கஸ்பர் எதிர்ப்பட்டால், "ஹவ் இஸ் த பேபி, ராஜா?" என்று கேட்காமல் விடமாட்டான். "ஸ்லீப்பிங்," என்பார் இவர், முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல்.

வீட்டுக்குள் அந்தப் பற்றரிக்கு நடக்கும் உபசாரத்தைப் பார்க்கவேண்டும். மங்கையற்கரசியின் கம்பளிச் சால்வையால் சுற்றி, கட்டிலின் கால்மாட்டில் வைப்பார்.

"உதுக்கு ஒரு தலகாணியும் வையுங்கோவன். என்னைக்கூட நீங்கள் உப்பிடிப் போத்திவிட்டதில்லை."

"உமக்குப் பகிடி. நாளைக்கு உது எழும்பாட்டி என்ன செய்யிறது, சொல்லும் பாப்பம்."

நகரத்தின் மறுகோடியில், ரெக்ஸ்டேலில் இருக்கும் மகள் நிரூபா தொலைபேசியில் சத்தம் போடுவாள்: "அப்பா, ஜஸ்ற் கோல் அ காப்! ஏன் உந்தக் காரோடை சண்டை பிடிக்கிறீங்கள்?"

"அண்டைக்கும் காப்புக்குப் போன் அடிச்சுப்போட்டுத்தானே பிள்ளை பாத்துக்கொண்டிருந்தனாங்கள்," என்பார்.

முருகனையும் அவர் சும்மா விட்டதில்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயில் தீர்த்தத்தைப் போத்தலில் கொண்டுவந்து காரைச் சுற்றித் தெளிப்பது வழக்கம். கோடை முழுவதும் அதனால் ஒரு கேடும் வரவில்லை. மார்கழியில் ஒரு நாள், கூடுதல் காவல் இருக்கட்டும் என்று கதவிடுக்குகளிலும் பூட்டிலும் தாராளமாக விட்டுவிட்டார். விடிந்து பார்த்தால் நாலு கதவும் உறைந்து கல்லாகக் கிடந்தன. டிக்கியைத் திறந்து, பின் சீற்றைத் தள்ளி மடித்து, அந்த வயதில் தவழ்ந்து உள்ளே போய்க் கதவை உதைத்துத் திறந்தார். "முருகன் உங்களை வெளியிலை விட்டெல்லே பூட்டிப்போட்டார்!" என்று பனியில் நின்ற மங்கையற்கரசி வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். அன்றிலிருந்து காருக்கு விபூதி மட்டுந்தான்.

இப்படிக் காருக்கே காதைக் கொடுத்துக்கொண்டிருப்பவர், ஓர் இடத்தில் மட்டும் காது வைக்க மறுப்பார். மங்கையற்கரசியின் இடக்கையில், முழங்கைக்குக் கீழே, சிகிச்சைக்காக இரண்டு இரத்தக் குழாய்களை ஒன்றாக இணைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்த இடம் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். விரல் வைத்தால் அதிரும், காது வைத்தால் கேட்கும். இரைச்சல் நின்றால் குழாய் அடைத்துவிட்டது, உடனே ஓடிவர வேண்டும் என்று தாதி ஸ்டெபனி படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். மங்கையற்கரசி நாள்தோறும் விரலை வைத்துப் பார்த்துக்கொள்வார்.

"ஒருக்கா நீங்களும் காதை வைச்சுப் பாருங்கோவன். உங்கடை கார் மாதிரித்தான் இரையுது."

"எனக்கு ஏலாதப்பா. நான் காது வைக்கிற நேரம் பாத்து நிண்டிட்டுதெண்டால்?"

ஆஸ்பத்திரியிலும் அவர் உள்ளே போவதில்லை. மனைவிக்குப் பக்கத்தில் இருக்க ஆசைதான். ஆனால் காரை நிறுத்த வேண்டுமே! "ஒருக்கா நிப்பாட்டினால் பிறகு எழும்புமெண்டு ஆர் கண்டது?" வாசலுக்கு எதிரே இயந்திரத்தை ஓடவிட்டபடி உட்கார்ந்திருப்பார். காவலாளி வந்து கண்ணாடியில் தட்டினால், கும்பிடாத குறையாகத் தலையாட்டிவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அதே இடத்துக்கு வருவார்.

போன வியாழக்கிழமை மைனஸ் இருபத்தெட்டு. காலையில் கார் பிடிப்பதற்குள் இராஜரட்ணத்தாருக்கு அந்தக் குளிரிலும் வியர்த்துவிட்டது. மத்தியானம் மங்கையற்கரசி வெளியே வந்து காரில் ஏறியபோது முகம் சரியாக இல்லை.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு ரத்தம் வடிவா ஓடேல்லையாம். அடிக்கடி கையைப் பாக்கட்டாம். நிண்டால் உடனை திரும்பி வரட்டாம்."

மங்கையற்கரசி கோட்டைக் கழற்றி, சட்டைக் கையை மேலே தள்ளி, விரலை வைத்தார். எடுத்து ஊதிச் சூடாக்கி மறுபடி வைத்தார்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லையப்பா. கையுறையை உள்ளுக்கை விட்டிட்டு வந்திட்டன், விரல் விறைச்சுப் போச்சு. இல்லாட்டி..." கையை அவர் பக்கம் நீட்டினார். "நீங்கள் ஒருக்காப் பாருங்கோ."

இராஜரட்ணத்தார் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தார், மனைவியின் முகத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் குனிந்தார். காருக்குள் ஒரே இரைச்சல். எது காருடையது, எது கையுடையது என்று பிரித்தறிய முடியவில்லை.

நிமிர்ந்து, சாவியைத் திருப்பி, காரை நிறுத்தினார்.

"ஐயோ, என்னப்பா செய்யிறீங்கள்? பிறகு எழும்பாட்டி?" என்று மங்கையற்கரசி பதறினார்.

சட்டென்று எல்லாம் அடங்கிவிட்டது. இராஜரட்ணத்தார் கட்டுப் போட்ட இடத்துக்குச் சற்று மேலே, தோலோடு தோலாகக் காதை வைத்தார். இடக்கை தானாகவே மேலே போயிற்று, உள்ளங்கை விரிந்தபடி. மங்கையற்கரசி வாயை மூடிக்கொண்டார். கண்ணாடியில் இருவரின் மூச்சும் படிந்து வெளுக்கத் தொடங்கியது. அவர் தலையை இன்னும் கொஞ்சம் சரித்தார். கை மேலேயே நின்றது. பிறகு மெல்ல இறங்கி, மனைவியின் விறைத்த விரல்களின்மேல் வந்து இருந்தது.