படகில் ஊறிய விதைநெல்

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர். ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை நாலரை மணிக்கு அந்த வழிப் பேருந்தில் ஏறினேன். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். மன்னார்குடியில் இரண்டு நாள், பிறகு அதிராம்பட்டினம், அங்கிருந்து கடற்கரையோடு தெற்கே என்பது என் திட்டம். வேலையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது. எந்த ஊரிலும் பத்து நாளுக்கு மேல் தங்கியதில்லை. கிளம்புவதில் நான் கெட்டிக்காரி. விடிந்ததும் பையை மாட்டிக்கொண்டு, வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடுவேன். கண்ணீர், கட்டிப்பிடிப்பு எதுவும் எனக்கு ஆகாது.

வடுவூர் ஏரி தாண்டும்போது பக்கத்து இருக்கைப் பெண் பேச்சுக் கொடுத்தாள். பெயர் தமிழ்ச்செல்வி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். கணவர் ராஜேந்திரனுக்கு ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். அவருடைய அப்பா கூலிக்கு நட்ட வயலையே மகன் விலைக்கு வாங்கியிருக்கிறார். இதெல்லாம் இறங்கும் முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. லாட்ஜில் தங்கப் போகிறேன் என்றதும், வீட்டில் மாடி அறை சும்மாதான் கிடக்கிறது, பாமணியாறு கொல்லைப் பக்கமே ஓடுகிறது, வந்து பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் லாட்ஜ் எங்கே ஓடிவிடப் போகிறது என்றாள். இரண்டு நாள் என்று போனவள் பதினொரு வாரம் இருந்தேன்.

படகு கட்டும் யோசனை என்னுடையதுதான், ஆனால் யோசித்துச் சொன்னதில்லை. ஆவணி பிறந்ததும், அடுத்த வாரம் கிளம்புகிறேன் என்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். தமிழ்ச்செல்வி கையில் சோற்றோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: பஸ்ஸில் போகவில்லை, ஒரு படகு செய்துகொண்டு இந்த ஆற்றோடு முத்துப்பேட்டை வரைக்கும் போகப் போகிறேன். விளையாட்டாகச் சொன்னதை ராஜேந்திரன் அப்படியே பிடித்துக்கொண்டார். மனுஷனுக்கு எதையாவது செய்துபார்க்கச் சொன்னால் போதும், சோறு தண்ணி வேண்டாம். மறுநாளே முத்துப்பேட்டையில் பைபர் படகு பழுது பார்க்கும் தன் நண்பர் ஹாஜாவுக்கு போன் போட்டுவிட்டார்.

ஹாஜா வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடித்து, முப்பத்தைந்து கிலோமீட்டர் பைக்கில் வந்து, பொழுது சாயத் திரும்பிப் போவார். அவர் சொன்னபடி தஞ்சாவூரில் மரைன் பிளைவுட் மூன்று பலகை வாங்கினோம், ஒன்று இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். பலகையை வெட்டி, ஓரம் நெடுகத் துளை போட்டு, செப்புக் கம்பியால் தைக்க வேண்டும். பிறகு தையலின் மேல் பைபர் துணி ஒட்டி, பசை பூச வேண்டும். நீளம் பன்னிரண்டு அடி, அகலம் இரண்டரை. நெல் அடுக்கும் கொட்டகையில் சாக்குப் படுக்கை போட்டு அதன்மேல் கட்டினோம். தைத்தவள் பெரும்பாலும் தமிழ்ச்செல்வி. ஆளுக்கே தையல் போடுகிறவள், இந்தப் பலகை எனக்கு எம்மாத்திரம் என்றாள். ஹாஜாவே அவள் தையலைப் பார்த்துவிட்டு, நம்ம கொட்டாய்க்கு வேலைக்கு வர்றீங்களா என்று கேட்டார்.

ஒரு மாதத்தில் முடிய வேண்டிய வேலை ஏழு வாரம் இழுத்தது. காரணம் நான்தான். பசை காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு ஒருமுறை தேய்த்தால் போதும் என்று ஹாஜா சொல்லியிருந்தார். நான் மூன்று முறை தேய்த்தேன். துடுப்பை இரண்டு தடவை செதுக்கினேன், இரண்டாவது முதலாவதை விட மோசம். காலையில் வேலை, மத்தியானம் மூன்று பேருமாகச் சாப்பாடு, சாயங்காலம் ஆற்றில் குளியல் என்று நாள் போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை.

காலத்துக்குத்தான் குறை. ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள், சில நாள் இந்த ஆறு, சில நாள் அடுத்த ஆறு. மதகு திறந்து மூடும் லஸ்கர் ராஜேந்திரனுக்குத் தெரிந்தவர். எங்கள் முறை சனிக்கிழமை மத்தியானத்தோடு முடிகிறது என்று செய்தி அனுப்பியிருந்தார். அடுத்த முறை வருவதற்குள் ஐப்பசி மழை பிடித்துவிடும். அப்புறம் ஓடுவது வெள்ளம், அதில் என்னைப் போன்ற கற்றுக்குட்டி இறங்கினால் பிணமாகத்தான் முத்துப்பேட்டை போய்ச் சேரலாம். இந்தத் தண்ணீரில் போனால் உண்டு. புதன்கிழமை காலை என்று நாள் குறித்தேன்.

செவ்வாய், காலை ஏழு மணி. காபி டம்ளரோடு கொட்டகைக்குப் போகிறேன், படகு நிறையத் தண்ணீர். தண்ணீருக்கடியில் நெல். குனிந்து கையை விட்டுப் பார்த்தேன், நெல்லேதான். ராஜேந்திரன் பக்கத்தில் நின்று சாவி என்கிற பொக்கு நெல்லை அரித்து எடுத்துக்கொண்டிருந்தார். தாளடிக்கு, அதாவது இரண்டாம் போகத்துக்கு, விதை ஊறப் போட்டிருக்கிறாராம், அறுபது கிலோ. எனக்கு வந்ததே கோபம். அண்டா இல்லையா, தொட்டி இல்லையா, நாளைக்குக் கிளம்புகிறவள் படகுதான் கிடைத்ததா என்று கத்தினேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை.

"உள்ள இருக்குற தண்ணி வெளிய போவலன்னா, வெளிய இருக்குறது எப்படிக்கா உள்ள வரும்? ஓட்டை இருக்கான்னு நமக்கும் தெரிஞ்ச மாதிரி ஆச்சு, நெல்லும் ஊறுன மாதிரி ஆச்சு."

நியாயம் பேசுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? ஒரு நாள் ஊற வேண்டும். வடித்துவிட்டு, வைக்கோலும் ஈரச் சாக்கும் போட்டு மூடி மூட்டம் வைத்தால் வெள்ளிக்கிழமை முளை கட்டும். அதுவரை அசைக்கக் கூடாது, அசைத்தால் முளை உடையும், தாளடி போச்சு. அதையும் படகிலேயே வைப்பதாக ஏற்பாடு. ஆக, எனக்கு மிச்சம் சனிக்கிழமை காலை ஒன்றுதான். மதகை மூடினாலும் கீழே தண்ணீர் வடிய இரண்டு நாள் பிடிக்குமாம், அதோடு போய்விடலாம்.

அன்று மாலை ஆற்றில் துணி அலசிக்கொண்டே தமிழ்ச்செல்வியிடம் அவள் புருஷனைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பினேன். அவள் துணியைப் பிழிந்து படிக்கட்டில் வைத்தாள்.

"அவரைத் திட்டாதீங்கக்கா. படகுல போடுங்கன்னு நான்தான் சொன்னேன். மூணு நாளு கூட இருப்பீங்கள்ல."

 நானும் படகை மூன்று தடவை தேய்த்ததை அவளிடம் சொன்னேன். தெரியும், வேண்டுமென்றே இழுக்கிறீர்கள் என்று ஹாஜா அண்ணன் இரண்டாவது தடவையே சொல்லிவிட்டுப் போனார் என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.  இவளை விட்டுப் போக எனக்கு மனசில்லை, அதுதான் உண்மை. ஆனால் போகாவிட்டால் அடுத்த ஆடி வரைக்கும் இங்கேதான் என்பதும் எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மூட்டத்தைப் பிரித்தால் ஆவி பறந்தது. ஒரு நெல் பாக்கியில்லாமல் வெள்ளை வெள்ளையாக முளை. அண்டாவில்கூட இப்படி வராது, படகை வைத்துவிட்டுப் போங்கள் என்று ராஜேந்திரன் பாதி விளையாட்டாகக் கேட்டார். மூன்று பேருமாக நாற்றங்காலில் விதைத்துவிட்டு வந்து, படகைக் கழுவினோம்.

சனி, காலை ஆறரை. படகை ஆற்றில் இறக்கினோம். மிதந்தது. இந்தத் தடவை நழுவ முடியவில்லை. தமிழ்ச்செல்வி கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன், ராஜேந்திரன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். புளிச்சோற்றுப் பொட்டலம், தண்ணீர் கேன், தொப்பி. கரையைத் துடுப்பால் தள்ளினேன்.

இங்கேதான் ஒன்றை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. முறை முடிகிற நாள், தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு மனுஷன் மெல்ல நடக்கிற வேகத்தில்தான் ஓடியது. படகும் அதே வேகம். கரையோடு பாதையும் வருகிறது. அழுது முடித்து நிமிர்ந்தால், பத்தடி தள்ளி தமிழ்ச்செல்வி கூடவே நடந்து வருகிறாள். பின்னால் ராஜேந்திரன் பைக்கை உருட்டிக்கொண்டு வருகிறார்.  விடை பெற்றவர்கள் முகத்தில் முழித்துக்கொண்டே போவதைப் போல அசட்டுத்தனம் வேறில்லை.

பிறகு பேச்சு தானாக வந்தது. துடுப்பை இப்படிப் பிடியுங்கள் என்றார் அவர். அப்படித்தான் பிடித்திருக்கிறேன் என்றேன் நான். சுகாதார நிலையத்தில் புது டாக்டரின் கெடுபிடியை அவள் விவரமாகச் சொல்லி முடித்தாள். எதிரே மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் என்ன ஊர்வலம் என்று கேட்டார். எட்டரை மணிக்கு ஒரு பாலத்தடியில் படகை நிறுத்தி, புளிச்சோற்றை மூன்று பங்காகப் பிரித்துச் சாப்பிட்டோம்.

ஐந்து கிலோமீட்டரில் ஒரு மதகு. மணி ஒன்பதே முக்கால். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மூன்று பேருமாகப் படகைத் தூக்கிக் கரையேற்றி, அந்தப் பக்கம் இறக்கினோம். அதற்குக் கீழே கரை முழுக்க சீமைக் கருவை, நடக்க வழியில்லை. நான் ஏறி உட்கார்ந்து இன்னொரு அழுகைக்குத் தயாரானேன். தமிழ்ச்செல்வி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பத்தரைக்கு டியூட்டிக்கா. நான் கெளம்புறேன்."

அவ்வளவுதான். பைக்கில் ஏறிக்கொண்டாள். ராஜேந்திரன் வண்டியைத் திருப்பினார். மற்ற ஊர்களில் பஸ் ஒரு திருப்பம் திரும்பினால் வழியனுப்ப வந்தவர்கள் மறைந்துபோவார்கள், நான் அடுத்த ஊரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். இந்தக் கரையோ நேர்க்கோடு. சிவப்புப் பைக், அதில் அவளுடைய வெள்ளை யூனிபார்ம், வெகுதூரம் வரை தெரிந்துகொண்டே இருந்தது. எட்டு மாதமாக ஊர் ஊராக எத்தனை பேரை இப்படி வாசலில் நிற்க வைத்துவிட்டு வந்திருக்கிறேன்! துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் போய் முடியும் வரைக்கும் நான் அங்கேயே இருந்தேன்.