பட்டாணி அளவு பேஸ்ட்

1998 சித்திரையில் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் மாடியறைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. சுற்றுவட்டார ஏரிகள் எந்த ஆண்டு நிரம்பின, எந்த ஆண்டு வெடித்துக் கிடந்தன என்று நான் டைரிகளில் குறித்து வைத்திருந்ததை ஒழுங்காகத் தட்டச்சு செய்ய வேண்டும் என்பதுதான் ஆசை. பாகங்களை வாங்கிப் பூட்டிக் கொடுத்தவன் என் பள்ளித் தோழன். ஆறாம் வகுப்பிலிருந்து இருவருக்கும் ஒரே பெஞ்சு. மேற்குத் தாம்பரத்தில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தான்.

"233 சிப் மச்சான். உன் ஆபீஸ்ல கூட இவ்ளோ ஸ்பீடு கெடையாது" என்றான். கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் திரையிலும் 233 என்றே வந்தது.

இரண்டாவது வாரத்திலிருந்து அது நடுவழியில் நிற்கத் தொடங்கியது. அம்பு நகராது, விசை வேலை செய்யாது. சேமிக்காத பக்கங்கள் எல்லாம் போயின. செம்பாக்கம் ஏரியை மட்டும் மூன்று முறை தட்டச்சு செய்தேன்.

அவன் வந்து பெட்டியைத் திறந்தான். சிப்பின் மேல் ஓர் அலுமினியக் கட்டி, அதன் மேல் குட்டி விசிறி. சிப்பின் சூட்டைக் கட்டிக்குக் கடத்துவதற்கு நடுவில் தெர்மல் பேஸ்ட் என்ற வெள்ளைப் பசை.

"பேஸ்ட் பத்தல" என்று, இருந்ததன் மேலேயே இன்னும் கொஞ்சம் பிதுக்கினான்.

"எவ்வளவு வைக்கணும்?"

"பட்டாணி அளவு."

"பழசைத் துடைக்க வேண்டாமா?"

"ஐயே, துணி பட்டாலே சிப்பு காலி. நீ தொட்றாத."

அன்றே ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். தேதி, போட்ட நேரம், நின்ற நேரம், அறையின் சூடு, பேஸ்டின் அளவு. வைகாசியில் பட்டாணி. ஆனியில் சுண்டைக்காய். ஆடியில் நான்கு பக்கமும் வழிந்தது. அப்படியும் நின்றது. ஒவ்வொரு முறையும் அந்த நோட்டை வாங்கி, விரலால் வரி வரியாகத் தொட்டுப் படிப்பான்.

"இன்னாமா எழுதிகீற மச்சான்! கம்பெனிக்காரன் கூட இப்டி எழுத மாட்டான்."

எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

கடைசியில் குற்றம் அறையின் மேல் வந்தது. "மேக்கால வெயிலு நேரா அடிக்குது. நீ மத்தியானத்துல போட்டுகினா அது இன்னா பண்ணும்?" ஜன்னலுக்குத் தட்டி கட்டினேன். மனைவியின் டேபிள் ஃபேனை மேலே கொண்டு வந்து பெட்டிக்கு நேராகத் திருப்பி வைத்தேன். அவள் ஆவணிப் புழுக்கம் முழுவதும் பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டாள். மெஷினைப் பக்குவமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவன் நான்தான் என்று நம்பினேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் கத்தரிக்கோல் முதல் சைக்கிள் வரை எல்லாவற்றையும் துடைத்துத்தான் பொட்டு வைப்பது வழக்கம். அந்தப் புரட்டாசியில் கம்ப்யூட்டரும் ஆயுதம்தானே? பெட்டியைத் திறந்தேன். பசை வழிந்து, தூசு ஒட்டி, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. இந்த அழுக்கின் மேல் சந்தனம் வைக்க மனம் வரவில்லை. கட்டியைக் கழற்றி, பழைய வேட்டித் துணியால் மெதுவாக ஒற்றி எடுத்தேன். பசைக்கு அடியில் சிப்பின் நெற்றியில் எண் தெரிந்தது.

166.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். பிறகு சிப் உட்காரும் போர்டோடு வந்த கையேட்டை எடுத்துப் படித்தேன். ஜம்பர் என்ற சின்னச் செருகியை இடம் மாற்றினால் 166 சிப்பையும் 233 வேகத்தில் ஓட விரட்டலாம். சூடேறும், நிற்கும். திரை மட்டும் 233 என்றே காட்டும். பசை எதற்கு அவ்வளவு, அதைத் துடைக்க ஏன் கூடாது என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் மத்தியானம் நோட்டை எடுத்துக்கொண்டு அவன் கடைக்குப் போனேன். மானிட்டர்களுக்கெல்லாம் சந்தனம் வைத்து முடித்திருந்தான்.

"வா மச்சான், பொரி எட்துக்கோ."

"சிப்பைத் துடைச்சேன்டா."

அவன் கை பொரித் தட்டிலேயே நின்றது. "தொடாதன்னு சொன்னேன்ல."

"நூத்தி அறுபத்தாறு."

"ஓடுச்சா இல்லியா? அல்லாரும் இப்டித்தான் போட்றான். நீ இன்னா ராக்கெட்டா வுடப் போற? ஏரிக்கணக்குதான அடிக்கிற."

நான் நோட்டை நீட்டினேன். "அஞ்சு மாசம் இதைப் படிச்சியே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

சங்கடமாகச் சிரித்தான். "நீதான் அவ்ளோ இன்ட்ரஸ்டா எழுதிகினு இருந்த. கெடுப்பானேன்னு வுட்டேன்."

சிப்பை மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னான். வேண்டாம் என்றேன். பொரிப் பொட்டலத்தைக் கையில் திணித்தான். வாங்கிக்கொண்டேன், ஏன் வாங்கினேன் என்று இன்றும் தெரியவில்லை. ஸ்டேஷனைத் தாண்டும்போது அது கையில் இருந்தது.

வீட்டுக்கு வந்து ஜம்பரை 166-க்கு மாற்றினேன். புது டியூபிலிருந்து ஓர் அரிசி அளவு பேஸ்டை வைத்துக் கட்டியை அழுத்தினேன். ஐப்பசி மழை முழுவதும் அது ஒரு தடவை கூட நிற்கவில்லை. ஃபேன் கீழே போனது.

நோட்டில் வைகாசி முதல் புரட்டாசி வரை "நண்பன் வந்தான்" என்று பதினோரு இடங்களில் இருக்கிறது. அவற்றைக் கோடு போட்டு அடிப்பதற்காக ஒருநாள் பேனாவைத் திறந்தேன். வந்தது உண்மைதான். மூடி வைத்துவிட்டேன்.