பல்செட்டம்மா கார் இன்ஜின் மாற்றிய கதை

செயற்கைப் பல் செய்வது அவளுடைய தொழில். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அவள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மெழுகில் ஈறு பிடித்து, அதில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, பிளாஸ்டரில் அச்சு வார்த்து, ராவி மெருகேற்றிக் கொடுப்பாள். தெருவில் எல்லோருக்கும் அவள் பல்செட்டம்மா. மயிரிழை பிசகினாலும் அடுத்தவர் வாயில் உறுத்தும் வேலை என்பதால் எதிலும் கறாராக இருந்தே பழகிவிட்டவள். அந்தக் கறாரையெல்லாம் ஒரு சின்னக் கார் வந்து சந்தி சிரிக்க வைத்தது.

வீடு ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. மேடு என்றால் கொஞ்ச நஞ்ச மேடு இல்லை, பால்காரர் சைக்கிளை அடிவாரத்திலேயே சாத்திவிட்டு நடந்து வருகிற மேடு. போதாததற்குச் சந்தும் குறுகல். சின்னக் கார் ஒன்று பக்கக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு நுழையலாம். அதைவிடப் பெரியதாக எது வந்தாலும் மூக்கை இடித்துக்கொண்டு திரும்பிப் போக வேண்டியதுதான். அதனால் சின்னதாகப் பார்த்து வாங்கினார்கள்.

அவள் தனியாகப் போனால் முனகிக்கொண்டாவது ஏறிவிடும். கணவரும் மாமனாரும் உட்கார்ந்துவிட்டால் பாதி மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி வளைவில் மூச்சு முட்டி நின்றுவிடும். கணவர் நல்ல ஆகிருதி. வளைவு வந்ததும் கேட்காமலே இறங்கி நடப்பார். அப்படியும் ஒருநாள் வண்டி அசையவில்லை. மழை வேறு. முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்ட மாமனாரும் குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"பெரியவரே, நானும் வந்து தள்ளட்டுமா?" என்று மாடியிலிருந்து யாரோ கேட்க, பக்கத்து மாடிகளிலும் சிரிப்பு எழுந்தது. மாமனாரும் சேர்ந்து சிரித்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த அவளுக்குத்தான் காது மடலெல்லாம் எரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். கணவரின் தம்பி, கார் மெக்கானிக்.

"வண்டிய மாத்த முடியாது, சந்து விடாது. இன்ஜின மாத்த முடியுமா தம்பி?"

"ஏன் முடியாது? என்கிட்ட ஒரு பெரிய காரோட இன்ஜின் இருக்கு அண்ணி. விபத்துல பின்பக்கம் சப்பளிஞ்சு போச்சு, முன்பக்கம் சும்மா தங்கம். உங்க மேடெல்லாம் அதுக்கு ஒரு மேடா?"

"எத்தனை நாளாகும்?"

"ரெண்டே வாரம்."

கொழுந்தனுக்கு மனசு சுத்தம். வாய்தான் கொஞ்சம் முந்தும்.

பழைய இன்ஜின் ஒரு மத்தியானத்தில் வெளியே வந்துவிட்டது. புதியதைச் சங்கிலியில் தூக்கி இறக்கினபோதுதான் விஷயம் புரிந்தது. மாமன் மருமகனுடைய சட்டையை மாட்டிக்கொண்ட மாதிரி எல்லாப் பக்கமும் பிதுங்கியது. ரேடியேட்டருக்கு இடமில்லை. பேட்டரிக்கு இடமில்லை. ரேடியேட்டரை ஒருபக்கமாகச் சாய்த்து நுழைத்து, பேட்டரியைக் கொண்டுபோய் டிக்கியில் வைத்தார்கள். மாமனார் ஊன்றி நடக்கிற வாக்கரை வைக்கும் இடம் அதோடு போயிற்று.

இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புப் பிடிகளைப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. கொழுந்தன் அட்டையைக் கிழித்து அளவு பார்க்கத் தொடங்கினான். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"தள்ளு தம்பி. அளவெடுக்கிறது என் பொழப்பு."

மெழுகும் பிளாஸ்டரும் கொண்டுவந்து, இன்ஜினுக்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியை அப்படியே அச்சு எடுத்தாள். வெல்டர் அதைப் பார்த்து இரும்பில் செய்து கொடுத்தார். மாட்டிப் பார்த்தால் ஒரு ஓட்டைகூட நேர்படவில்லை. இன்ஜினைத் தாங்கியிருந்த ஜாக்கி எண்ணெய் கசிந்து, விரல்கடை அளவு கீழே இறங்கியிருந்தது. அவள் எடுத்த அச்சு துல்லியமான அச்சுதான். இன்ஜின்தான் அந்த இடத்தில் இல்லை.

"தாடை நகராதுன்னு நம்பித்தானே தம்பி நான் அளவெடுக்கிறேன்?" என்றாள். கொழுந்தன் ஜாக்கியை ஒரு உதை விட்டான். கால் வலித்ததுதான் மிச்சம்.

மறுபடி அச்சு, மறுபடி இரும்பு. பிடிகள் உட்கார்ந்ததும் பானெட் மூடவில்லை. அதில் ஒரு சதுரம் வெட்டி, மேலே புடைப்பான தகட்டை வைத்துப் பற்றவைத்தார்கள். பல்வலியில் கன்னம் வீங்கின மாதிரி கார் நின்றது.

இரண்டு வாரம் எப்போதோ ஓடிப்போயிருந்தது. பல் டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு அவள் பஸ்ஸில் அலைந்தாள். ஒருநாள் பஸ் கிடைக்காமல் தாமதமாகப் போக, டாக்டர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இந்த செட்டுக்குக் காத்திருக்கிற பெரியவரோட பேத்திக்கு நாளைக்குக் கல்யாணம்மா. போட்டோவுல பொக்கை வாயோட நிக்கச் சொல்றீங்களா?"

வீட்டுக்கு வந்தால் கணவர் வேறு. "பழசா இருந்தப்போ பாதி மேடாவது ஏறிச்சு" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் நங்கென்று வைத்தாள்.

வயரிங் முடிந்து சாவியைத் திருப்பிய நாளில் இன்ஜின் ஒரு உறுமல் உறுமி, உடனே அணைந்தது. மறுபடி திருப்பினால் மறுபடி அதே. கொழுந்தன் தலையைச் சொறிந்தான். சாவிக்குள் ஒரு சில்லு இருக்கிறதாம். சொந்தச் சாவி பக்கத்தில் இல்லாவிட்டால் இன்ஜினின் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடுமாம். அவர்கள் திருப்பியது வெறும் நகல் சாவி.

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"எனக்கே இப்பத்தான் அண்ணி ஞாபகம் வருது."

விபத்துக் காரை உடைத்து விற்ற கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஒரு தகர டிரம்மைக் காட்டினார். கழுத்து வரை சாவி. "இதுல இருந்தாலும் இருக்கும், பாத்துக்குங்க" என்றுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இன்ஜினோடு வந்த சாவித் துவாரத்தைத் தனியாகக் கழற்றி எடுத்து வந்திருந்ததால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். விரல் நுனியெல்லாம் கறுத்துப் போனது. டிரம்மின் அடி தெரிந்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கடைக்காரர் கண்ணை மூடிச் சுகமாகக் காது குடைந்துகொண்டிருந்தார். அவர் காதுக்குள் இருந்தது ஒரு சாவி.

"ஐயா, அதக் கொஞ்சம் குடுங்க."

"இதா? இது என் காதுக்குன்னே வச்சிருக்கேன்மா. முனை பதமா இருக்கும்."

"குடுங்கய்யா!"

துடைத்துப் போட்டார்கள். திரும்பியது.

இப்படியாக இன்ஜின் ஓடத் தொடங்கியது. சத்தமே வேறு மாதிரி, அடிவயிற்றிலிருந்து வந்தது. கொழுந்தனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மேட்டை நோக்கி விட்டாள். வளைவில் கொஞ்சம் மிதித்தாள். கார் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் கீழே துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். இன்ஜின் மட்டும் அலறியது, சக்கரம் சுற்றவில்லை. சக்கரத்தைச் சுற்றும் ஆக்சில் பொருந்தாமல் இரண்டு வண்டிகளுடையதையும் வெட்டி ஒட்டியிருந்தார்கள், அந்த ஒட்டு விட்டுப்போயிருந்தது. அதே மாடிகளில் அதே முகங்கள் எட்டிப் பார்த்தன. வண்டியைப் பின்னோக்கி உருட்டிக்கொண்டே இறங்கினார்கள்.

"பெரிய இன்ஜினோட பலத்த அந்த ஒட்டு தாங்கல அண்ணி" என்றான் கொழுந்தன்.

"நான்கூடத்தான் தாங்கல."

ஒட்டில்லாத முழு ஆக்சிலைக் கடைந்து வாங்கி மாட்டினார்கள். அடுத்து, இன்ஜின் மாற்றிய வண்டியைச் சோதனை அதிகாரியிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். அவர் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தாதவர். கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"வேலை சுத்தமா இருக்கும்மா. பிரேக் பழசுதானே?"

"பழசு இல்ல சார், போன வருஷம் போட்டது."

"அதைச் சொல்லல. இந்த பிரேக் சின்ன இன்ஜினுக்கு அளந்து வச்சது. இப்ப வண்டி கனம் கூடியிருக்கு, வேகமும் கூடும். மேட்டுல ஏத்திடுவீங்க. இறங்கும்போது எப்படி நிறுத்துவீங்க?"

அவர் வேண்டுமென்றே இழுத்தடித்திருந்தால் நாலு வார்த்தை கேட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். அவர் சொன்னது சரி. அந்தச் சரிதான் அவளைக் கொன்றது. வெளியே வந்து கார்க் கதவை அறைந்து சாத்தினாள். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

கைப்பிடியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். இதைத் தொடங்கியதே தப்போ என்று முதல் தடவையாகத் தோன்றியது. பக்கத்தில் கொழுந்தன் குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சமாதானம் ஏதாவது சொல்லியிருந்தால் அந்தக் கைப்பிடியாலேயே போட்டிருப்பாள்.

"பெரிய பிரேக்கு போடு" என்றாள் கடைசியில்.

பெரிய பிரேக் போட்டால் பழைய சக்கரம் நுழையவில்லை. பெரிய சக்கரம் போட்டால் திருப்பத்தில் மட்கார்டில் உரசியது. மட்கார்டின் விளிம்பைச் சுத்தியலால் தட்டி மடக்கினார்கள். பெயிண்ட் உதிர்ந்தது. இருக்கட்டும் என்றாள். எதற்கும் இருக்கட்டும் என்று சொல்லியே பழக்கமில்லாதவள்.

இந்தத் தடவை அதிகாரி வண்டியை ஓட்டிப் பார்த்து, அழுத்தி நிறுத்திப் பார்த்து, தலையசைத்தார். முத்திரை விழுந்தது.

அன்று சாயங்காலமே கணவரையும், முழங்காலைக் காட்டப் போயிருந்த மாமனாரையும் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தாள். கிளட்ச் கல்லாக இருந்தது, மிதித்து மிதித்து இடது முட்டி வலித்தது. காலடியில் இன்ஜின் சூடு அடித்தது. மேடு தொடங்கியது. இரண்டாவது கியரில் விட்டாள். மூன்று பேரையும் சுமந்துகொண்டு, முனகாமல், தயங்காமல் கார் ஏறியது. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருவரில் யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று காத்திருந்தாள்.

"அந்த டாக்டர் மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடி சொன்னாரா, பின்னாடியா?" என்றார் மாமனார்.

"பின்னாடிப்பா."

"முன்னாடின்னுதான் எனக்கு ஞாபகம்."

வீட்டு வாசல் வரை மாத்திரைப் பேச்சுதான். இறங்கும்போது மாமனார், "உள்ள கொஞ்சம் புழுக்கமா இருக்கும்மா, ஜன்னலத் திறந்து விட்டிருக்கலாம்" என்றார். கணவர் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

அவள் ஸ்டியரிங்கிலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்ட வேண்டும்போல் இருந்தது. யாரை என்று தெரியவில்லை.

"வரலியா?" என்று கணவர் உள்ளிருந்து கேட்டார்.

"இதோ வந்துடறேன்."

வண்டியைத் திருப்பி, பெரிய பிரேக்கை அழுத்தி அழுத்தி அடிவாரம் வரைக்கும் இறங்கினாள். அங்கே வண்டியை மேட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்தி, ஜன்னல் கண்ணாடிகளை முழுக்க இறக்கிவிட்டாள். இந்தத் தடவை அவளைத் தவிர வண்டியில் யாரும் இல்லை. ஆக்சிலரேட்டரை அழுத்தினாள்.