கேத்தலில் படிந்த ஊர்

இந்தக் காலனிக்கு வந்த முதல் நாள் காலையில், தெருக்குழாயில் பிடித்த தண்ணீரை ஊற்றித் தலைக்குச் சோப்புப் போட்டேன். நுரை வரவில்லை. திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாக முடியில் ஒட்டிக்கொண்டது. எத்தனை வாளி ஊற்றியும் பிசுக்குப் போகவில்லை. கள்ளச் சோப்பைக் கொடுத்துவிட்டார் என்று ஈரத்தலையோடு கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் சோப்பைக் கையில்கூட வாங்கிப் பார்க்கவில்லை. "சோப்புல ஒண்ணும் இல்ல வே, தண்ணி சவரு, உப்புத்தண்ணி. நீரு சிலோன்காரரா?" என்றார். அங்கே இருந்தவரை எங்களை இந்தியாக்காரன் என்றார்கள். தாயகம் என்று சொல்லி அனுப்பிவைத்த இந்தத் தூத்துக்குடியில், ஒரு வாளித் தண்ணீரிலேயே நான் சிலோன்காரன் ஆகிவிட்டேன்.

இங்கே வருவதற்காக அங்கே இன்னும் கடவுச்சீட்டுக்கு வரிசையில் நிற்கும் நீங்கள் தேயிலைத் தோட்டத்துத் தண்ணீரை நினைத்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் பார்த்ததில்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசைக்குப் பின்னால் பாறையிடுக்கில் செருகிய மூங்கில் பீலியில் அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருக்கும். நிறுத்துவதற்கு ஒரு திருகுகூடக் கிடையாது. அந்த மலையில் எங்களுக்கென்று ஒரு பிடி மண் இருந்ததில்லை. ஒரே அறையில் மூன்று தலைமுறை படுத்தோம், அட்டைக்கு ரத்தம் கொடுத்தோம். அதைச் சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீருக்கு யாரிடமும் போய் நின்றதில்லை.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தேயிலை ஆலை, அட்டனில் ஒரு பேக்கரி, கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை என்று அலைந்தவனுக்கு, தேத்தண்ணி ஊற்றுகிற கை மட்டும் எங்கே போனாலும் கூட வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது, கொழுந்துக்கூடைக் கயிறு அழுத்தி நெற்றிக்கு மேல் வழுக்கையாகிப்போன இடத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என் மனைவி பாக்கியம். "இனிமே நீ கூடை தூக்க வேணாம். ஒரு தேத்தண்ணிக் கடை போட்டு ஒன்ன நிழல்ல ஒக்கார வச்சிருவேன்" என்றேன். "சரி சரி, மொதல்ல கேத்தல நசுங்காமப் புடிங்க" என்றாள். தேத்தண்ணிக்குத் தண்ணீர் காய்ச்ச அவள் அம்மா கொடுத்த அலுமினியக் கேத்தல் அது. அம்மாவுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது, எங்களுக்கு இந்தியா. லயத்து அடுப்பின் கரி ஏறிய கேத்தல் எங்கள் பக்கம் வந்தது.

புதுத் துறைமுகத்துக்கு லாரிகள் போகும் சாலையோரம் ஓலைச் சாய்ப்பு இறக்கிக் கடை போட்டேன். திறந்த அன்றே நல்லதண்ணி வண்டி வந்து நின்றது. மாட்டுவண்டியில் பீப்பாய்கள். ஓட்டிவந்தவர் சுடலையாண்டி அண்ணாச்சி.

"கடைக்கு நல்லதண்ணி வேணும்லா? தினம் ஊத்திட்டுப் போறேன்."

நான் சிரித்துவிட்டேன். "தண்ணிய விக்கிறீங்களா? எங்க ஊர்ல கல்லத் தட்டுனா தண்ணி வரும்ங்க. அதுக்குக் காசு கேட்டா அடிக்க வந்துருவாங்க."

கடையில் இருந்த சுமைகாரர்களும் சிரித்தார்கள். கேலிக்காக நான் சொல்லவில்லை. தண்ணீருக்கு விலை சொல்லுவது எனக்கு இழவு வீட்டில் சோறு விற்பது போலத்தான் பட்டது. நம் ஆட்கள் யாராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாட்டைத் தட்டினார்.

குழாய்த் தண்ணீரைக் காய்ச்சினேன். கையோடு கொண்டுவந்த மலைத் தேயிலைத்தூள். பீலித் தண்ணீரில் போட்டால் செம்புக்காசு நிறத்தில் சாயம் இறங்கும். இங்கே குட்டைத் தண்ணீர் நிறத்தில் இறங்கியது. மேலே மினுமினுவென்று ஓர் ஏடு.

"என்ன அண்ணாச்சி, கிளாஸ டீசல்ல கழுவுனீரா?" என்றார் ஒரு சுமைகாரர்.

"ஏலே, அது கப்பல்ல வந்த டீ. எண்ணெய் மெதக்கத்தான் செய்யும்" என்றார் இன்னொருவர்.

கிளாஸ்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். தூளை மாற்றினேன். தண்ணீரில் அழுக்கு என்று நினைத்து இன்னும் கூட நேரம் கொதிக்கவிட்டேன். கேத்தலின் உள்ளே சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாகப் படிந்துகொண்டே போனது.

வீட்டிலும் இதே கதைதான். பருப்பு வேகாது. வேட்டி துவைக்கத் துவைக்கப் பழுப்பேறும். பாக்கியத்தின் கூந்தல் தேங்காய் நாராகிவிட்டது. பக்கத்து வீட்டு டீச்சர் சாத்தான்குளத்துக்காரர். "பருப்புல ஒரு சிட்டிக ஆப்பச்சோடா போடு பாக்கியம், வெந்துரும்" என்றார். வெந்தது. அதே சோடாவைத் தேத்தண்ணியிலும் போட்டேன். நிறம் வந்தது, ருசி போனது. "துணி அலசுன தண்ணிக்கு நெறம் எதுக்கு?" என்று சுமைகாரர்கள் கிளாஸை வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். அந்தக் கடை வாசலில்தான் நல்லதண்ணி வண்டி தினமும் நின்றது.

பிறகு வண்டியை மறித்து எனக்கும் நல்லதண்ணி கேட்டேன். சுடலையாண்டி அண்ணாச்சி சாலையோரம் குவித்திருந்த ஜல்லியைக் காட்டினார். "கல்லுக்கா பஞ்சம்? தட்டும் வே." மாட்டை ஓட்டியவர் சற்றுத் தள்ளி நிறுத்தித் திரும்பினார். "கோவத்துல சொல்லல. இருக்க பீப்பாயெல்லாம் வாடிக்கைக்கே பத்தல. அன்னைக்கே கேட்டேம்லா?"

கடை ஓடவில்லை, சாய்ப்பைப் பிரித்தோம். நான் துறைமுகத்தில் மூட்டைக்குப் போனேன். வேலை கிடைக்கிற நாள் குறைவு. ஒரு காலை பாக்கியம் சும்மாடு சுற்றிக்கொண்டு நின்றாள். "உப்பளத்துக்கு ஆள் கேக்குறாங்களாம். போயிட்டு வாறேங்க." கப்பலில் சொன்னதை அவள் சொல்லிக்காட்டவில்லை. கூடை முதுகிலிருந்து தலைக்கு மாறியது, அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு நாள் கால் வெடிப்பில் உப்பு ஏறி நடக்க முடியாமல் வந்தாள். குழாய்த் தண்ணீரில் கழுவினால் இன்னும் எரிந்தது. "வாய்க்கு நம்ம ஊர் தேத்தண்ணி ஒரு வாய் கெடச்சா போதும்" என்று சுவரில் சாய்ந்தாள். டீச்சர் வீட்டில் போய் ஒரு செம்பு நல்லதண்ணி கேட்டு வாங்கினேன். இன்றைக்காவது பழைய சாயம் இறங்கட்டும் என்று, கேத்தலுக்குள் படிந்திருந்ததைக் கத்தியால் சுரண்டி, புளிபோட்டுத் தேய்த்தேன். அலுமினியம் பளபளவென்று வந்தது. தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைத்தேன். அடியில் சொட்டத் தொடங்கியது. நான் தூக்குவதற்குள் பாதித் தண்ணீர் நெருப்பில் விழுந்து, அடுப்பு அணைந்து, சாம்பல் கிளம்பியது.

பாக்கியம் கேத்தலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஊசி போகிற ஓட்டை. "அங்கேருந்து வரும்போதே அடி தேஞ்சு இருந்திருக்குங்க" என்றாள். "ஓட்டை விழ விழ இந்தச் சுண்ணாம்புதான் அடச்சுக்கிட்டு இருந்திருக்கு. அதைப் போய்ச் சொரண்டிட்டீங்களே."

அன்று அவள் தேத்தண்ணி குடிக்கவில்லை. மறுநாளிலிருந்து அந்தக் கேத்தலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் கொதிக்கவைக்கிறேன். குடிப்பதற்கு இல்லை. மறுபடி படிந்து ஓட்டை அடைபடட்டும் என்றுதான். வெளியே லயத்துக் கரி அப்படியே இருக்கிறது. உள்ளே இந்த ஊர் வெள்ளையாகப் படியத் தொடங்கியிருக்கிறது. இன்னும் சொட்டுகிறது.