ஐந்தாவது கல்லை மலையில் விட்டு வந்த அழகுத்தாய் அம்மாள்

எமர்ஜென்சியை எடுத்த வருடம் அது. ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. மலையடியில் இருக்கும் முந்தலுக்கு மேலே மலைச்சாலை பல இடங்களில் சரிந்து கிடந்தது. அந்த மழைக்கு நடுவில்தான் பந்து மேசை போடிக்கு இறங்கியது. போன வெள்ளிக்கிழமை காலையில் அழகுத்தாய் அம்மாளின் பேரன் போனில் கூப்பிட்டு, "மாரித் தாத்தா, அப்பத்தா தவறிட்டாக" என்றான். பிறகு அவனே, "அந்த மேசை எந்த வருசம் வந்துச்சு தாத்தா? வந்தவுகள்லாம் கேக்குறாக" என்றான். எனக்கு எழுத்து வராது. வருடத்துக்கு நம்பர் சொல்லவும் வராது. மழையை வைத்துத்தான் சொன்னேன். மிச்சத்தை இங்கே சொல்கிறேன். எழுதுவது என் மருமகள். அம்மாவைப் பழகி அறிந்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும், பாதி தெரிந்திருக்காது.

நான் அவர்கள் வீட்டு ஜீப் ஓட்டினேன். அம்மாளின் வீட்டுக்காரர் சுப்புராஜ் முதலாளிக்கு மலை உச்சியில் மெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத் தோட்டம் இருந்தது. வெள்ளைக்காரத் துரை கட்டிய பங்களாவோடு சேர்த்து வாங்கிய தோட்டம். பங்களாவுக்குள் துரை விட்டுப்போன ஸ்நூக்கர் மேசை ஒன்று கிடந்தது. எட்டுக் கால், ஒவ்வொன்றும் யானைக்கால் கனம். பச்சைத் துணிக்கு அடியில் ஐந்து பெரிய கற்பலகைகள். சாயங்காலம் ஆள் கணக்கு முடிந்ததும் முதலாளி பந்தடிக்கும் கோலைக் கையில் எடுப்பார். எதிராளி கிடைக்காவிட்டால் இடது கையால் ஒருமுறை, வலது கையால் ஒருமுறை என்று தன்னோடு தானே விளையாடுவார்.

அந்த வருடம் சித்திரையில் அவருக்கு நெஞ்சுவலி கண்டது. மலை ஏறவே கூடாது, சமதரையில் மெதுவாக நடக்கலாம் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி மலையும் ஏறவில்லை, தரையிலும் நடக்கவில்லை. தெருவில் இறங்கினால் பார்க்கிறவன் எல்லாம் உடம்பு எப்படி என்று விசாரிப்பான் என்று நாற்காலியிலேயே கிடந்தார். சவரம் செய்வதை விட்டார். தட்டில் வைத்த சோறு அப்படியே திரும்பி வரும். ஒருநாள் அம்மாள் என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டார்.

"ஏப்பா மாரி, இவுக சாவுக்குக் காத்து ஒக்காந்துருக்காக. அதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். மலையில அந்த மேசை இருக்குல்ல, கழட்டிக் கொண்டா."

"அம்மா, அது பெரிய சாமானும்மா. நம்ம வீட்டு வாசல்ல நுழையாது."

"சாமான் பெரிசுன்னா வாசலைப் பெரிசாக்கு. அதுக்கு எதுக்கு மொகத்தைச் சுளிக்கிற?"

மறுநாளே கொத்தனார் வந்துவிட்டார். ஏலக்காய் மூட்டை அடுக்கும் அறைக்கும் அதற்கு அடுத்த அறைக்கும் நடுவில் இருந்த சுவர் இடிபட்டது. எவ்வளவு இடம் வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மாள் ஒட்டடைக் கம்பை எடுத்து, பந்தை அடிப்பது போலக் குனிந்து, நாலு பக்கமும் வீசிப் பார்த்தார். ஒரு பக்கம் கம்பு சுவரில் முட்டியது. "இந்த அலமாரியையும் எடுங்க" என்றார். முதலாளியின் தம்பி தனராஜ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வீட்டுக்குள்ள கிளப்பு வைக்கப் போறீகளா மதினி? ஊர் சிரிக்கும்."

"கிளப்புக்குப் போற ஆம்பளை வீடு திரும்ப மாட்டான்னு நீங்கதான தம்பி சொல்லுவீக? கிளப்பே வீட்டுக்கு வந்துட்டா உங்க அண்ணன் எங்கிட்டுப் போவாரு?"

கொத்தனார் சிரித்துவிட்டார்.

நாலு கற்களும் கால்களும் சட்டங்களும் சேதமில்லாமல் இறங்கின. கடைசிக் கல்லை ஜீப்புக்குப் பின்னால் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வரும்போது பாதி மலையில் மண் சரிந்து கிடந்தது. ரோட்டு ஆட்கள் ஒரு ஜீப் ஊர்ந்து போகிற அளவுக்கு வழி ஒதுக்கினார்கள். பாரம் ஏற்றிய டிரெய்லரோடு அதில் போக முடியாது. கூட வந்த சுமையாட்கள் கல்லை இறக்கி, வளைவில் பாறையோடு சாய்த்து நிமிர்த்தி வைத்தார்கள். மழை விட்டதும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டோம்.

இதற்குள் வீட்டில் முதலாளி மாறத் தொடங்கியிருந்தார். நாற்காலியை மேசை அறைப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். நாலு கற்களையும் சட்டத்தில் ஏற்றும்போது அங்கிருந்தே குரல் கொடுத்தார். காலையில் கண் விழித்ததும் முதல் கேள்வி, "அஞ்சாவது கல்லு வந்துருச்சா?" என்பதுதான். அம்மாள் அதைக் கேட்டுக்கொண்டே காப்பி ஆற்றுவார். அந்தக் கேள்வியில்தான் அவருக்கு உயிர் இருந்தது.

மழை விட்டுப் பாதை சரியானதும் அம்மாளும் தனராஜும் ஆட்களோடு மலையேறினார்கள். நான்தான் ஓட்டினேன். வளைவு திரும்பியதும் பிரேக் போட்டுவிட்டேன். கல் முழுக்க மஞ்சள், நடுவில் குங்குமம், மேலே அரளி மாலை. முன்னால் உடைத்த தேங்காய் ஓடுகள் கிடந்தன. ஏலக்காய் பறிக்கப் போகும் தேவாரம் ஊர்ப் பெண்கள் தங்கள் ஜீப்பை நிறுத்திக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடந்ததை அவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். நாங்கள் இறங்கிப்போன பிறகு மலை இன்னொரு முறை சரிந்திருக்கிறது. மண்ணும் பாறையுமாக வந்து இந்தக் கல்லின் அடியில் நின்றுவிட்டது. கல்லுக்கு இந்தப் பக்கம் அவர்கள் ஜீப் நின்றிருக்கிறது, ஆள் நிறைந்து.

தனராஜுக்குக் கோபம் வந்தது. "இது எங்க கல்லு. துரை பங்களாவுல பந்து உருட்டுன கல்லு. இதுக்குப் போயி மஞ்சளப் பூசிக்கிட்டு!"

செல்லத்தாய் என்று ஒருத்தி முன்னால் வந்தாள். கல்யாணமான புதிது, வாய் நீளம். "உங்க வீட்டுல பந்து உருட்டுச்சு சாமி. இங்க மலைய நிப்பாட்டிருச்சு. எது பெரிய சோலின்னு நீங்களே சொல்லுங்க."

அம்மாள் இருவரையும் கையமர்த்திவிட்டுப் பூ கேட்கலாம் என்றார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டார்கள். வெள்ளை வந்தால் கல் எங்களோடு வரும், சிவப்பு வந்தால் அங்கேயே இருக்கும். எடுக்கக் குழந்தை யாரும் இல்லாததால் கூட்டத்தில் மூத்த கிழவி ஒருத்தி எடுத்தாள். பிரித்தாள். வெள்ளை.

செல்லத்தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சாமி குடுத்துருச்சு, தூக்கிக்கங்கம்மா" என்றாள். தனராஜ் ஆட்களைப் பார்த்து, "தூக்குங்கடா" என்றார். அவர்கள் கை வைத்தும் விட்டார்கள்.

"இருங்கப்பா" என்றார் அம்மாள். பிறகு செல்லத்தாயிடம் கேட்டார்: "ஏத்தா, இது வர்றதுக்கு முன்னாடி இந்த வளைவை எப்படித் தாண்டுவீக?"

"கண்ண இறுக்க மூடிக்கிருவோம்மா."

"இப்ப?"

"இப்ப கண்ணத் தெறந்து கும்புடுறோம்."

அம்மாள் கொஞ்ச நேரம் கீழே போடி தெரிகிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். "கேட்டேன், குடுத்துருச்சு. எனக்கு அது போதும். கல்லு இங்கனயே இருக்கட்டும்" என்றார்.

"அண்ணனுக்கு என்ன பதில் சொல்லுவீக மதினி?"

"அத நான் பாத்துக்கிறேன்."

வீட்டுக்கு வந்ததும் நேராக முதலாளி முன்னால் போய் நின்றார். நான் வாசலில் இருந்தேன். பேசியது அத்தனையும் காதில் விழுந்தது.

"கல்லு வராது. சாமியாயிருச்சு."

"பூ கேட்டியா? வேணாம்னுருச்சா?"

"சாமி சரின்னுதான் சொல்லுச்சு. நாந்தான் வேணாம்னு வந்தேன்."

"அப்ப நாலு கல்ல வச்சு நான் என்ன பண்ண? எனக்குச் சமாதி கட்டப் போறியா?"

"அஞ்சாவது கல்ல நீங்க செய்யுங்க."

முதலாளி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாளும் அப்படியே. அம்மாள் அதற்காகக் கெஞ்சவில்லை. தேனியிலிருந்து கனமான கடப்பாக்கல் ஒன்றை வரவழைத்துக் கொல்லையில் இறக்கினார். அம்மி கொத்துகிற ஆளைக் கூப்பிட்டு, மூலை இரண்டிலும் பந்து விழுவதற்கு வளைவு வெட்டச் சொன்னார். அந்த ஆள் ஸ்நூக்கர் மேசையைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர் போக்குக்குக் கொத்த ஆரம்பித்தார். டொக்கு டொக்கென்று வீடு முழுக்கச் சத்தம். உள்ளே இருந்து முதலாளி, "டேய், என்னடா பண்றான் அவன்? மாரி, நிறுத்தச் சொல்லு" என்று கத்தினார். நான் எழுந்தேன். அடுப்படியிலிருந்து அம்மாள் கண்ணாலேயே என்னை உட்காரச் சொன்னார். உளிச் சத்தம் தொடர்ந்தது. கொஞ்ச நேரத்தில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு வந்துவிட்டார்.

"ஏய்யா, இது என்ன ஆட்டுக்கல்லா? தள்ளு அங்கிட்டு."

அம்மாள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. தாளிக்கிற வாசம் மட்டும் வந்தது.

அதற்குப் பிறகு அவரை உட்காரவைக்கத்தான் ஆள் தேவைப்பட்டது. கல்லை உள்ளங்கையால் தடவி மேடு கண்டுபிடிப்பார். அந்த இடத்தைத் தேய்க்கச் சொல்வார். சட்டத்தில் ஏற்றிய பிறகு ரசமட்டம் வைத்துப் பார்ப்பார், பந்தை உருட்டிப் பார்ப்பார், அது எங்கே ஒதுங்குகிறது என்று பார்க்க மேசையைச் சுற்றிச் சுற்றி வருவார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கை அடைக்கக் குரங்கணியிலிருந்து தேன்மெழுகு வாங்கி வந்தேன். அதைக் காய்ச்சி ஊற்றியதும் அவர்தான். டாக்டர் நடக்கச் சொன்னதைவிட அதிகமாகவே அந்த அறைக்குள் நடந்தார். மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்த பச்சைத் துணியை இழுத்து அடித்த அன்றைக்குச் சவரம் செய்துகொண்டார்.

கடப்பாக்கல் பக்கம் ஒரு நூல் சாய்வு கடைசி வரைக்கும் போகவில்லை. அந்த மூலைக்குப் போகிற பந்து திடீரென்று வேகம் எடுக்கும். கம்பத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் விளையாட வந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் தோற்றார்கள். "மேசை கோணல்" என்று ஒருவர் குறை சொன்னபோது அம்மாள் பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டே, "மேசை நேராத்தான் இருக்கு, நீங்க இன்னும் பழகணும்" என்றார். பத்து வருடத்துக்கு மேல் முதலாளி அந்த மேசையைச் சுற்றி நடந்தார். அவர் போனதும் அங்கிருந்துதான், கோலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தபடி.

நான் அம்மாளிடமிருந்து வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. கல்லை விட்டுவிட்டு மலை இறங்கிய அன்று டிரெய்லர் காலியாக ஒவ்வொரு வளைவிலும் தடதடவென்று குதித்தது. வீட்டில் சொல்லப்போகிற சேதியை நினைத்து நான் மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தேன். அம்மாள் திரும்பிப் பார்த்தார். "என்னப்பா ஊர்ற? லோடுதான் இல்லையே. வெரசாப் போ. அவுக காத்திருப்பாக" என்றார். கையில் ஒன்றும் இல்லாமல் திரும்புகிறபோதும் வீட்டுக்கு வேகமாகப் போகலாம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் எந்தச் சேதியையும் தள்ளிப்போட்டதில்லை.

சனிக்கிழமை அம்மாளை எடுத்தார்கள். அதற்கு முன்னால், கூட்டத்தை விலக்கிக்கொண்டு கூன் விழுந்த ஒருத்தி மேசை அறைக்குள் வந்தாள். மேசையை ஒரு சுற்றுச் சுற்றினாள். "அண்ணே, ஒண்ணே ஒண்ணு உருட்டிப் பாக்கட்டா?" என்று என்னைக் கேட்டாள். சிவப்புப் பந்தை எடுத்துக் கொடுத்தேன். கையாலேயே உருட்டினாள். அது நாலு கல்லையும் நிதானமாகக் கடந்து, கடப்பாக்கல்லுக்கு வந்ததும் வேகம் எடுத்து மூலையில் விழுந்தது. "ஆத்தாடி, என்னமா ஓடுது!" என்று அவள் கத்தியதில் வெளியே ஒப்பாரி ஒரு நொடி நின்றுபோனது. மலை வளைவில் அன்று நின்றவர்களில் என்னைக் கழித்தால் இனி இருப்பது அவள் ஒருத்திதான், தேவாரம் செல்லத்தாய்.