பட்டியலின் முதல் பெயர்

வதிவிட அனுமதிக்கான கடைசி நாளன்று குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தின் வாசலுக்கு எங்கள் பங்குக் கோயில் கொடுத்த பட்டியலில் இருந்த எல்லோரும் வந்திருந்தார்கள். பட்டியலில் இல்லாமல் வந்து நின்றவர் ஒருவர்தான்: சீசா என்ற பகுதியில் ஒரு மாடிக்கட்டடத்தின் காவற்காரர்.

மெலிந்த மனிதர். எங்கே போனாலும் அரை மணி முந்தியே போய், தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்பார். பெயர் பதியவும் அவர்தான் முதலில் வந்தார்.

பட்டியல் போடும் புரோகிராமைப் பேசிக் என்ற கணினி மொழியிலிருந்து சீ மொழிக்கு மாற்றியவன் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்ற பெருமை வேறு. பேசிக்கில் பெயர்களை ஒன்றிலிருந்து எண்ணியிருந்தேன். சீ பூச்சியத்திலிருந்து எண்ணும். அச்சிடும் வரியில் அதை மாற்ற மறந்ததால் முதல் பெயர் விடுபட்டது. அவரைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது.

ஆனாலும் கேட்டேன், “அண்ணை, நீங்கள் பேர் குடுத்தனீங்களோ?”

அவர் யோசித்தார். “குடுத்தனான் எண்டுதான் நினைக்கிறன் தம்பி. கண்ணாடி போடாமல் எழுதினனான். உம்மடை கொம்பியூட்டர் பிழை விடாதுதானே?”

“ஓம்” என்றேன்.

பட்டியலில் பெயர் இல்லையென்று அன்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உண்மையை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. பிறகு சட்டத்தரணி வைத்து அனுமதி எடுக்க, அவரும் வீட்டு வேலை செய்த அவர் மனைவியும் கட்டியது பதினெட்டு இலட்சம் லீரா.